ஒரு குடம் இடம்

எங்கள் தெருக்குழாயில் மூன்று நாளைக்கு ஒருதரம்தான் தண்ணீர் வரும். அதனால் விடிந்ததுமே எல்லா வீட்டுக் குடமும் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும்.

ஒருநாள் ரோஸ் குடத்துக்குப் பின்னால் மைமூன் வீட்டுப் பச்சைக் குடம் உட்கார்ந்தது.

“தள்ளி நில்லு தாயி. பாய் வீட்டுல உன்னை வச்சு என்னத்தையெல்லாம் கழுவுறாங்களோ!” என்றது ரோஸ் குடம்.

மற்ற குடங்கள் சிரித்தன. பச்சைக் குடம் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தது.

கொஞ்ச நேரத்தில் காற்று அடித்து, ரோஸ் குடம் சாக்கடை வரைக்கும் உருண்டு போனது. யாரோ தூக்கிவந்தபோது, அதன் இடம் அப்படியே இருந்தது. பின்னால் எல்லாரும் முட்டியும் பச்சைக் குடம் நகரவில்லை.

“ஏன் நீ முன்னால போகலை?”

“அது உன் இடம்தானே அக்கா.”

ரோஸ் குடம் மெல்லக் கேட்டது: “உன் தண்ணியில என்னதான் பண்ணுவாங்க?”

“முகம், கை, காலெல்லாம் கழுவிட்டுத் தொழுவாங்க. உன் தண்ணியில?”

“சாமி விளக்கு கழுவுவாங்க.”

அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. மன்னிப்பை அடுத்த முறை கேட்டுக்கொள்ளலாம் என்று ரோஸ் குடம் நினைத்தது.

அடுத்த முறை பச்சைக் குடம் வரவில்லை.

“மைமூன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம். நீ அன்னிக்குப் பேசினது வீட்டுக்காரர் காது வரைக்கும் போயிடுச்சு” என்றது எவர்சில்வர் குடம்.

ரோஸ் குடம் தனக்குப் பின்னால் ஒரு குடம் இடம் விட்டு உட்கார்ந்தது.

“சும்மாதானே கிடக்கு, நான் உட்காரட்டா?” என்றது பின்னால் வந்த ஒரு குடம்.

“இல்லை, ஆள் வருது” என்றது ரோஸ் குடம்.

தண்ணீர் நின்று எல்லாரும் போகும் வரைக்கும் அந்த இடம் காலியாகவே கிடந்தது.