இருபது பேர் கேட்ட நெஞ்சு

பன்னிரண்டாவது ஆளும் ஸ்டெதாஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

கட்டிலில் கிடந்த அன்னக்கொடி சேலையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க தம்பி" என்றாள்.

உக்கிரபாண்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கீழக்குயில்குடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அவன் வந்தது பெண்டாட்டியைப் பார்க்க. இங்கே என்னடாவென்றால், டாக்டருக்குப் படிக்கிற பயல்கள் வரிசையில் நின்று அவள் நெஞ்சில் குழாயை வைக்கிறார்கள்!

போதாக்குறைக்கு வார்டு ஆயா வேறு போட்டுக்கொடுத்துவிட்டாள். "ஆபரேசனுக்குப் பத்து நாள் கெடக்கு, அதுவரைக்கும் வீட்டுல இரும்மான்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாக. ஒம் பெண்டாட்டிதான் நகர மாட்டேங்குது."

"ஏண்டி, கடலை பிடுங்க ஆள் இல்லாம நான் அல்லாடுறேன். ஒனக்கு இங்க ரொட்டியும் பாலும் கேக்குதோ? கெளம்பு!"

"இன்னும் எட்டுப் பேர் இருக்காக. முடியட்டும், வாரேன்."

"வெக்கமா இல்ல ஒனக்கு?"

மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். வெளியே போகச் சொல்வார் என்று உக்கிரபாண்டி முறைத்துக்கொண்டு நின்றான். அவரோ தன் கழுத்தில் கிடந்த குழாயைக் கழற்றி அவன் காதில் மாட்டினார்.

"மொதல்ல உங்க நெஞ்சைக் கேளுங்க."

லப்டப். லப்டப். உலக்கை போட்ட மாதிரி சீராகக் கேட்டது.

"இப்ப அவங்களது."

உக்கிரபாண்டி மூச்சை அடக்கினான். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே, எங்கோ மலைக்கு அப்பால் இடி உருண்டது. நின்றது. மறுபடியும் உருண்டது.

"என்ன தாயி இது?"

"இதயத்துக்குள்ள ஒரு கதவு சுருங்கிப்போச்சு. சின்ன வயசுல வந்த மூட்டுவலிக் காய்ச்சல் செஞ்ச வேலை. அந்தச் சந்துல ரத்தம் முட்டி மோதிப் போற சத்தம்தான் இது."

"சரியாகுமா?"

"சர்ஜன் உள்ள விரலை விட்டு அந்தக் கதவைத் திறந்துவிடுவார்."

"நெஞ்சுத் துடிப்ப நிப்பாட்டியா?"

"இல்ல. அது துடிச்சுக்கிட்டு இருக்கும்போதே."

அவனுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. இம்புட்டையும் உள்ளே வைத்துக்கொண்டா இவள் நாற்று நட்டாள், தண்ணீர் சுமந்தாள்? மூச்சு வாங்கி வரப்பில் உட்கார்ந்த போதெல்லாம், 'சோம்பேறி' என்றல்லவா ஏசினான்!

மெல்லக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"இம்புட்டு நோவோட எதுக்குப் புள்ள இங்க கெடக்க? வீட்டுக்கு வா. ஒரு வேலை சொல்ல மாட்டேன்."

"ஆபரேசன் ஆயிட்டா இந்தச் சத்தம் போயிருமாம். அதுக்குள்ள இந்தப் பிள்ளைக கேட்டுப் பழகிக்கிரட்டும்னு நான்தான் டாக்டரம்மாகிட்டக் கெஞ்சி இங்க தங்கியிருக்கேன்."

"ஒனக்கு எதுக்கு இந்த வேலை?"

அன்னக்கொடி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூட்டுவலின்னு தைலம் தேச்சே ஒம்பது வயசுல பறிகுடுத்தோமே நம்ம மக செல்லத்தாய... அவ நெஞ்சுலயும் இதே சத்தம்தான் இருந்திருக்குமாம். கேட்டுச் சொல்ல அன்னைக்கு ஒரு ஆள் இல்லாமப் போச்சேங்க. இந்த இருபது பேரும் நாளைக்கு இருபது ஊருக்குப் போவாகள்ல?"