இரண்டரை மணிக் கதை

இரவு ஷிப்டில் இருந்தபோது பகலெல்லாம் தூங்குவேன். அம்மா இரண்டு மணி சீரியலைப் பார்த்துவிட்டு, இரண்டரைக்கு அன்றைய கதையை எனக்கு வாட்ஸப்பில் அனுப்புவாள். வேலையை விட்ட பிறகு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறேன். அப்படியும் கதை வருகிறது.

“பக்கத்துலதானேம்மா இருக்கேன், எதுக்கு அனுப்புற?”

“நான் எங்கடா அனுப்பினேன்? போன் உள்ளே சார்ஜ்ல கிடக்கு. வெட்டியா இருந்தா இப்படித்தான் தோணும்.”

இன்று சீரியல் பாதியில் இருக்கும்போதே வந்துவிட்டது.

“மருமகள் வீட்டை விட்டுப் போயிட்டா. அம்மா சோபாவுல உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துட்டா. பையன் கவனிக்கல.”

திரையில் மருமகள் பெட்டியோடு வாசலைத் தாண்டினாள். அந்த சீரியலில் அம்மா என்று யாருமே கிடையாது.

விளம்பரம் வந்தது. விளம்பரம் என்றால் அம்மா உடனே சத்தத்தைக் குறைத்துவிடுவாள்.

சத்தம் குறையவில்லை.