அம்பு நின்ற இடம்

மாலை வெயில் சன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் கிடத்தியிருக்கிறது. அப்பா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "மௌஸைத் தொட்டுடாதீங்கப்பா" என்று மகள் போனில் சொல்லிவிட்டாள். கடல் தாண்டி எங்கோ உட்கார்ந்துகொண்டு, இந்தத் திரையிலிருக்கும் அம்பை அவள்தான் நகர்த்துகிறாள். விமானம் ஏறுமுன் இந்தக் கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான். நேற்றிலிருந்து கணினிக்குப் பேச்சுமூச்சு இல்லை. பாட்டுப் போட்டால் ஊமையாக ஓடுகிறது. திரையில் கறுப்புக் கட்டம் ஒன்று திறக்கிறது. வெள்ளை எழுத்துகள் குடுகுடுவென்று ஓடி வருகின்றன, தப்பாகிப் பின்வாங்குகின்றன, மறுபடி ஓடுகின்றன. அவளுடைய அதே அவசரம். சாப்பிட உட்கார்ந்தாலும் இப்படித்தான். "மெதுவா அடிம்மா, யாரு துரத்துறா?" என்கிறார். போனில் சிரிப்பு. "சத்தமெல்லாம் மானிட்டருக்குப் போயிட்டிருக்குப்பா. அதுக்கு வாயே கிடையாது." அம்பு ஒரு பட்டியலில் இறங்கி எதையோ தட்டுகிறது. மேசையோர ஸ்பீக்கர் கரகரத்து, ஓடிக்கொண்டிருந்த பாட்டைப் பாதியிலிருந்து எடுக்கிறது. "வந்துடுச்சா? சரிப்பா, மீட்டிங் இருக்கு, வெச்சிடறேன். இனிமே நீங்க தொடலாம்." அவர் தொடவில்லை. பாட்டு முடிகிறது. நிழல் மேசையைவிட்டு இறங்கிச் சுவரோரம் போய்விட்டது. எதிரே ஆளில்லை என்று நினைத்துத் திரை மங்கத் தொடங்குகிறது. மௌஸை லேசாக அசைத்தால் போதும். அவர் எட்டி, கீபோர்டின் ஓரத்திலிருக்கும் பொத்தான் ஒன்றை மட்டும் மெல்ல அழுத்துகிறார். திரை விழித்துக்கொள்கிறது. அம்பு அவள் விட்டுப்போன இடத்திலேயே இருக்கிறது.