ரதிக்கு வேண்டிய அரபுப் பாட்டு

செம்பனைக் காய் லோரி ஓட்டிவிட்டு வந்த அலுப்பில் சுகுமாறனுக்குக் கண் சொருகியது. ஆனால் சிரம்பான் விருந்தில் மனைவி ரதி பெல்லி டான்ஸ் ஆடுவதற்கு இன்னும் பாட்டு அமையவில்லை. எஸ்டேட் வீட்டின் பலகைத் தரையில் ஸ்பீக்கரை வைத்து, அரபுப் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டான்.

வெறுங்காலோடு நின்ற ரதி உதட்டைப் பிதுக்கினாள். "இது சரிவராதுலா."

அவள் முகத்துக்கு நேரே வந்து கேட்டான். "பாடுறவ குரல் தேனா இருக்கே?"

"குரல் எனக்கு எதுக்குங்க? மேளம் வேணும்."

சலித்துப்போய் அடுத்ததைத் தட்டினான். வெறும் மேளம். பலகை அதிர்ந்தது. ரதியின் இடுப்பு தானாக அசைந்தது.

"இதுதான்!"

விருந்தில் கைத்தட்டல் அடங்க வெகுநேரமானது. ஏற்பாட்டாளர் நீலாவதி ரதியிடம் ஓடி வந்தாள்.

"எப்படித்தான் இப்படி மியூசிக் தேடிப் பிடிக்கிறீங்க? உங்களுக்கு நல்ல காதுலா!"

ரதி கணவனைப் பார்த்தாள். அவன் சோர்ந்த முகத்தோடு, அதையே உதடு தெரிய நிதானமாகத் திருப்பிச் சொன்னான்.

ரதி சிரித்துவிட்டாள்.

"காதா? அது சின்ன வயசுக் காய்ச்சல்லயே போயிடுச்சுக்கா. எனக்குக் காலுதான் கேக்கும். பாட்டு எப்படி இருந்துச்சுன்னு நான்தான் இவரைக் கேக்கணும்."