மாதுளையில் தொங்கியது

கறுப்பு கவரின் வாயை ஜைதூன் பீ இறுக்கி முடிச்சுப் போட்டாள். கத்தரிக்கோல் இன்னும் இடுப்பில் இருந்தது. வாய் ஓதிக்கொண்டே இருந்தது.

வெட்டும்போது அது கைக்குள் நெளிந்ததே! யா அல்லாஹ், உள்ளே எதையோ ஏவி வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் அத்தோடு தீர்ந்துபோயிற்று.

ஆழ்வார்பேட்டையிலிருந்து ஆட்டோ பிடித்தால் பட்டினப்பாக்கம். கடலில் எறிந்துவிட்டால் பீடை ஒழிந்தது.

வீட்டுக்குப் பின்னால் கையகலத் தோட்டம். பங்குனி வெயிலுக்கு மாதுளை பூத்துக் கொட்டுகிறது. அதன் கிளையில்தான் அது தொங்கியது. நூல், பஞ்சு, சருகு, ஒட்டடை எல்லாம் சேர்த்து உருட்டிய சின்ன மூட்டை. அதைக்கூடக் குப்பை என்று விட்டுவிடலாம். நடுவில் சுற்றியிருந்த முடியை என்னவென்று சொல்வது? செக்கச்செவேல் என்ற மருதாணி முடி.

அந்த வீட்டில் மருதாணி போடுகிற தலை ஒன்றே ஒன்றுதான். ஜைதூன் பீயுடையது.

உதிர்ந்த முடி எவள் கையிலாவது சிக்கினால் குடும்பமே காலி என்று கேட்டு வளர்ந்தவள் அவள். தலை வாரியதும் உதிர்ந்ததை விரலில் சுற்றி மண்ணில் புதைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். தோள்வலி வந்த பிறகு மருமகள் மஹ்விஷ்தான் வாரிவிடுகிறாள். உதிர்ந்ததையும் அவளே சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறாள். நான் பாத்துக்கறேன் அம்மி என்பாள்; மாமியாரை அவள் அம்மா என்று கூப்பிடுவது அப்படித்தான். பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான் போலும்!

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. காலையானால் அவள் ஃபோனும் கையுமாக மாதுளைக்கு எதிரே சற்றுத் தள்ளி ஆடாமல் அசையாமல் நிற்பது. வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பது. மரத்தடியில் கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைப்பது. கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராதீங்க அம்மி என்று சிரித்துக்கொண்டே சொன்னது. அந்தச் சிரிப்பைத்தான் ஜைதூன் பீயால் மறக்க முடியவில்லை.

நிக்காஹ் ஆகி ஒரு வருஷம்கூட முடியவில்லை, மகன் அமீன் கே.கே. நகரில் ஃப்ளாட் பார்க்கிறான். அம்மாவைக் கேட்காமல் ஒரு சட்டை வாங்காத பிள்ளை! அவனும் போய்விட்டால் இந்த வீட்டில் யாருக்காக அடுப்பைப் பற்ற வைப்பது?

"அம்மி!"

மஹ்விஷ் அறை வாசலில் நின்றாள். ஜைதூன் பீ கவரைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இனிமே நீங்க வந்து பாக்கலாம். முட்டை இருக்கும்போது ஆள் நடமாடினா விட்டுட்டுப் போய்டும்னுதான் வேணான்னேன். குஞ்சு பொரிச்சிடுச்சு!"

"இன்னாடி குஞ்சு?"

மஹ்விஷ் ஃபோனை நீட்டினாள். படத்தில் கட்டைவிரல் அளவு தேன்சிட்டு. அதன் அலகில் நீளமாய் ஒரு சிவப்பு முடி.

"உங்க முடிதான். கிளையில வச்சா தூக்கினு போகுதான்னு பாத்தேன். மெத்தையே போட்டுக்கிச்சு."

அடுத்த படத்தில் அந்த மூட்டையின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை தெரிந்தது. ஓட்டைக்குள் இரண்டு குட்டி வாய்கள் ஆவென்று பிளந்திருந்தன. சுற்றிலும் மருதாணிச் சிவப்பு.

ஜைதூன் பீயின் துப்பட்டாவுக்குள் கவர் லேசாகச் சரசரத்தது.

"காலையில ஃபோன ஜன்னல்ல வச்சு வீடியோ ஓட விட்டேன். நானே இன்னும் பாக்கல. சேந்து பாக்கலாம்" என்று தோளோடு தோள் உரசி வந்து நின்றாள் மஹ்விஷ்.

திரையில் மாதுளைக் கிளை ஆடியது. சிட்டு வந்தது, ஊட்டியது, பறந்தது. மறுபடி வந்தது. மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று மஹ்விஷ் முணுமுணுத்தாள். அந்த முணுமுணுப்பு ஜைதூன் பீக்குத் தெரியும்.

திரையின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் துப்பட்டா எட்டிப் பார்த்தது. பிறகு கத்தரிக்கோல் வந்தது.

முணுமுணுப்பு நின்றது.

ஜைதூன் பீ கவரை வெளியே எடுத்தாள். முடிச்சு அவிழ்வேனா என்றது. பல்லால் கடித்து இழுத்துக் கிழித்தாள். உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

மஹ்விஷ் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. விறுவிறுவென்று மாதுளைக்குப் போனாள். மணிக்கட்டிலிருந்த கறுப்புக் கயிற்றை அவிழ்த்தாள். நிக்காஹ் அன்று, புதுப்பெண்ணுக்குக் கண் பட்டுவிடக் கூடாதே என்று ஜைதூன் பீ தன் கையாலேயே கட்டிவிட்ட கயிறு.

மாமியார் கூட்டைக் கிளையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, மருமகள் கயிற்றைச் சுற்றிக் கட்டினாள். சிவப்பு முடியும் கறுப்புக் கயிறுமாக அது தொங்கியது. இப்போது யார் பார்த்தாலும் செய்வினை என்றுதான் சொல்வார்கள்.

இருவரும் தள்ளி வந்து நின்றார்கள். மதில்மேல் சிட்டு அலகில் பூச்சியை வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் தத்தியது. கூட்டுப் பக்கம் வரவில்லை.

"வருமாடி?"

"தெரியல அம்மி."

இப்போதும் அம்மி என்றுதான் சொன்னாள். ஜைதூன் பீக்குக் கண் நிறைந்துவிட்டது.

மருமகள் தினமும் நிற்கும் அதே இடத்தில் மாமியார் ஆடாமல் அசையாமல் நின்றாள். கட்டியது பலிக்க வேண்டுமே என்று வாய்க்குள் முணுமுணுக்கத் தொடங்கினாள்.