எதிர்வீட்டுக் கண்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் என்னோடு தோல் வெட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டுத் தனசேகர், சூப்பர்வைசராகிக் கார் வாங்கிவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது. நல்லவேளை, அந்தக் கார் ஒரு நாள் ஸ்டார்ட் ஆகும், ஒரு நாள் ஆகாது.

"எல்லாம் எதிர்வூட்டான் கண்ணு!" என் காதுபடவே சொன்னாள் அவன் மனைவி அம்பிகா.

எனக்குக் கோபமே வரவில்லை. என் கண்ணுக்கு இவ்வளவு சக்தியா! தினமும் வாசலில் நின்று முறைத்தேன்.

நேற்று மெக்கானிக் வந்தார்.

"சாவிக்குள்ள சிப்பு இருக்குதும்மா, கார் அதைப் படிச்சாதான் ஸ்டார்ட் ஆவும். சாவியில தொங்குற இந்தச் செப்புத் தாயத்து அப்பப்ப அதை மறைச்சிடுது. இன்னாத்துக்கு இதைக் கட்னீங்க?"

"எதிர்வூட்டான் கண்ணு படக் கூடாதுன்னு, வாங்குன அன்னிக்கே கட்னோம்."

தாயத்தைக் கழற்றிவிட்டு, பத்துத் தடவை சாவியைத் திருகினார். பத்துத் தடவையும் கார் ஸ்டார்ட் ஆனது.

பத்துத் தடவையும் நான் முறைத்துக்கொண்டுதான் நின்றேன்.