உருளும் நாற்காலிகள்

விலங்கியல் துறைக்குப் புதிதாகக் கட்டிய வகுப்பில் மேடையும் இல்லை, கடைசி பெஞ்சும் இல்லை. மாணவர்கள் இஷ்டப்படி நகர்த்திக்கொள்ளட்டும் என்று நாற்பது நாற்காலிகளுக்கும் சக்கரம் வைத்திருந்தார்கள். இசக்கி தன்னுடையதை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

“இன்னிக்கும் நீ பேசலேன்னா செமினார் மார்க் கிடையாதும்மா. அப்புறம் பெயில்தான்” என்றார் பேராசிரியர் அருளானந்தம்.

அவள் தாளைப் பிரித்து, “மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது” என்று ஆரம்பித்தாள். அவளுக்கே பாதிதான் கேட்டது.

“ஏட்டி, கொசுகூட உன்னைவிடச் சத்தமா பேசும்” என்றாள் தோழி பிரமு.

“மண்புழு தோலாலதான் மூச்சு விடும்” என்றாள் இசக்கி. எதிரே காலியாக இருந்த நாற்காலி அவளை நோக்கி ஓரடி உருண்டு வந்தது. அடுத்து பிரமுவின் நாற்காலி, பிரமுவோடு.

“நான் காலே ஊனலட்டி!”

தரை சாய்வோ என்று பேராசிரியர் ஒரு சாக்பீஸைக் கீழே வைத்துப் பார்த்தார். அது பாட்டுக்கு அசையாமல் கிடந்தது. அவர் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் சொல்லச் சொல்ல, மற்ற முப்பத்தொன்பதும் வந்து அவளைச் சுற்றி நின்றுவிட்டன. ஒருவரும் இருமக்கூட இல்லை.

இசக்கி இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள். அந்தக் கோடியில், சக்கரமே இல்லாத பேராசிரியரின் தேக்கு நாற்காலி, அவரையும் சுமந்து தரையைக் கீறிக்கொண்டு புறப்பட்டது.